61 நாளில் ஆறாதது

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய சில நாட்களிலேயே எங்கள் பிசியோதெரபி அறையில் பெஞ்சு நிறைந்துவிடும். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது. போட்டைக் கரையேற்றிப் பலகை மாற்றி பெயிண்ட் அடிக்கிற அந்த நாட்களில்தான், அதில் போகிற ஆட்களும் வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட தோளையும் முழங்காலையும் விரலையும் பழுது பார்க்கக் கிளம்புவார்கள். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஆபரேஷன் முடித்து, தையல் பிரித்த கையோடு பயிற்சிக்கு எங்களிடம் வருவார்கள். வலியைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஜூன் பதினஞ்சு தொழிலுக்குப் போயிரலாம்ல?"

அந்த அவசரம் நியாயமானது. தடை முடிந்து முதலில் போகிற போட்டுக்குத்தான் நல்ல இறால் விழும் என்பது கணக்கு. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்குக் கிடைக்கிற 8,000 ரூபாய் இரண்டு மாதத்துக்கு எந்த மூலைக்கு?

ஆனால் 61 நாள் என்பது மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட கணக்கு. உடம்பில் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு காலம் எடுத்துக்கொள்ளும். விரல் மடங்கி 'டக்'கென்று மாட்டிக்கொள்கிற ட்ரிகர் ஃபிங்கருக்குச் சின்ன வெட்டு போதும், தடைக்காலத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு, அதாவது கார்பல் டனலுக்குச் செய்தால், ராத்திரி கை மரத்துப்போவது பலருக்குச் சீக்கிரமே நிற்கும். கயிறு இழுக்கிற பிடி வலு திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும், உள்ளங்கையின் அடிப்பக்கத்தை அழுத்தினால் வலிக்கும். இது இழுபறி.

தோள்பட்டைத் தசைநார்க் கிழிசலுக்கு இந்த 61 நாள் போதவே போதாது. கிழிந்த நாரைச் சின்ன ஆங்கர் (எலும்பில் பதிக்கிற பிடிப்பு) வைத்து எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். நூல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். நார் எலும்போடு ஒட்டி வளர வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் இருக்கும். அதற்கப்புறம்தான் சொந்த பலத்தில் கையைத் தூக்கவே விடுவோம். 12 வாரத்துக்குப் பின் எடைப் பயிற்சி, மடி வலை இழுக்கிற மாதிரி கனமான வேலைக்கு ஏறக்குறைய ஆறு மாதம். ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன் செய்தவருக்கு அது அக்டோபர் கடைசி.

முழங்காலை நிலையாகப் பிடித்துவைக்கிற ஏ.சி.எல். ஜவ்வை மாற்றியவர்கள் விஷயம் இன்னும் தந்திரமானது. புதிதாக வைத்த ஜவ்வு ஆறு வாரத்திலிருந்து 12 வாரம் வரையிலான காலத்தில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். வீக்கம் வடிந்து, வலி போய், "கால் பழைய மாதிரி ஆயிருச்சு" என்று ஆள் தெம்பாக நடக்கிற காலமும் அதுவேதான். ஏப்ரல் நடுவில் ஆபரேஷன் என்றால் ஜூன் 15 ஒன்பதாவது வாரத்தில் வந்து விழுகிறது. நனைந்த டெக்கில், ஆடுகிற போட்டில், ஒரு காலை ஊன்றித் திரும்புவதற்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது. வலியைக் கேட்டுத்தான் உழைப்பை நிறுத்துகிற ஆட்களிடம் வலி இல்லாத நாளில் போய் "நிறுத்துங்க அண்ணே" என்றால் எப்படி எடுபடும்?

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர், தோள் தைத்தவர், எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். பயிற்சியின் பிற்பகுதியில் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டு, மறுமுனையில் மணல் மூட்டை கட்டி, மெதுவாக இழுக்கச் சொல்வேன். அது எப்படி என்று காட்ட, மூட்டை கட்டாத வெறும் கயிற்றை நீட்டியதும் அவர் கை தானாகவே அதை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டது. நான் எடுத்துவிட்டேன். இரண்டாம் முறையும் சுற்றியது. கை இப்படிச் சுற்றியிருக்கும்போது வின்ச் (வலைக் கயிற்றைச் சுருட்டுகிற இயந்திரம்) இழுத்தால் விரல் போகும். அப்படிப் போன விரல்களும் எங்கள் அறைக்கு வருவதுண்டு. அதைச் சொன்னால், "சுத்தாம பிடிச்சா வழுக்கும்மா, அப்ப ஆளே போயிருவான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் 12 வாரம் காத்திருக்கவில்லை. தடை முடிந்த முதல் நடைக்கே போய்விட்டார். பிறகு ஸ்கேன் எடுத்தபோது தைத்த இடம் பாதி விட்டிருந்தது. இதை வாசிப்பவர்கள் இங்கே ஒரு எச்சரிக்கைக் கதையை எதிர்பார்ப்பீர்கள். அவரோ சந்தோஷமாக இருக்கிறார். ஆபரேஷனுக்கு முன் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பார், இப்போது தூங்குகிறார். தலைக்கு மேலே கனம் தூக்க முடிவதில்லை, அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை. தோள் அறுவையில் இது அபூர்வம் இல்லை. பெரிய கிழிசல்களில் தைத்தது மறுபடி விடுவது சகஜம், விட்டவர்களிலும் பலருக்கு வலி முன்பைவிடக் குறைந்தே இருக்கும். ஸ்கேன் அறையில் தோல்வி என்று எழுதப்பட்ட ஆள் என் அறையில் டீ வாங்கிக்கொடுக்கிறார். இதற்கு நேர்மாறாக, எக்ஸ்ரேயில் பிளேட்டும் ஸ்க்ரூவும் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருக்க, முஷ்டி மடக்க முடியாமல் தொழிலையே விட்டவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் எதை வைத்து 'நல்லாயிருச்சு' என்பது? அளக்கக் கேள்வித்தாள்கள் உண்டு. கைக்கு டேஷ் என்று 30 கேள்விகள். இறுக மூடிய பாட்டிலைத் திறக்க முடிகிறதா, சாவி திருக முடிகிறதா என்று போகும். போகப் போக உல்லன் பின்னுவது, சீட்டாடுவது, கோல்ஃப், டென்னிஸ் எல்லாம் வரும். கடல்பாசி எடுக்கிற பெண்ணிடம் கோல்ஃப் பற்றிக் கேட்டால் அவர் என்னைத்தான் நோயாளி என்று நினைப்பார். முழங்காலுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோர், 12 கேள்வி, 48 மதிப்பெண். மண்டியிட்டு எழ முடிகிறதா என்று அதில் இருக்கிறது. குத்தவைத்து உட்காரவோ சம்மணம் போடவோ முடிகிறதா என்று இல்லை. கேள்வித்தாள் கெட்டது என்று சொல்லவில்லை, ஆராய்ச்சிக்கு அது வேண்டும். எங்கள் ஊர் முழங்காலுக்கு நான் வேறு சில கேள்விகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அவற்றில் முதலாவதை முட்டி மாற்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும்: இப்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது? மாற்று மூட்டு எவ்வளவு மடங்கும் என்பதை மற்ற எதையும்விட அதிகம் தீர்மானிப்பது, ஆபரேஷனுக்கு முன்னால் அது எவ்வளவு மடங்கியது என்பதுதான். "முழுசா முடியாமப் போகட்டும், அப்பப் பார்த்துக்கலாம்" என்று பத்து வருஷம் இழுத்துவிட்டு, கட்டையாகிப்போன முட்டியோடு வருகிறவர்கள்தான் பின்னால் ஏமாறுகிறார்கள். சாதாரணமாக 110, 120 டிகிரி மடங்கும். நாற்காலி, படி, பஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். தரையில் குத்தவைத்துக் கருவாடு தரம் பிரிக்கிற அம்மாவுக்குப் போதாது. அவருக்கு உயரமான மேடையோ முக்காலியோ வேண்டும், கழிப்பறையில் வெஸ்டர்ன் கோப்பையோ பிளாஸ்டிக் கமோடு நாற்காலியோ வேண்டும். ஆபரேஷன் தேதியைவிட இதைத்தான் நான் முதலில் பேசுவேன். வீட்டில் ஆண்கள் அதைச் செலவாகப் பார்ப்பார்கள்.

செலவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் முழங்கால் மாற்று மூட்டு உபகரணங்களுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. பெரும்பாலானவர்களுக்கு வைக்கிற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்துகொள்ள, முன்பு பணக்கார வீட்டு வைத்தியமாக இருந்தது இப்போது ஏர்வாடி, தொண்டி வரை வந்துவிட்டது. மூட்டு எவ்வளவு நாள் உழைக்கும் என்றும் கேட்பார்கள். 2019-இல் லான்செட்டில் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, 25 வருஷம் கழித்தும் முழங்கால் மூட்டுகளில் 82 சதவீதம் மாற்றாமல் ஓடுகின்றன. இடுப்பில் அது 58. ஆனாலும் முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை என்பதும் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற முடிவு. மூட்டு நன்றாக இருக்கும், ஆள் நொந்திருப்பார். அவர் எதை எதிர்பார்த்துப் போனார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கீழக்கரை உம்மா ஒருவர் இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து தொழுதுகொண்டிருந்தார். சுஜூதுக்கு, அதாவது தொழுகையில் சிரம் பணியும்போது, நெற்றி தரையில் படவில்லையே என்பது மட்டும்தான் அவர் குறை. "முட்டி போட்டா உள்ள இருக்கிறது உடைஞ்சிருமா?" என்று பயந்து பயந்து கேட்டார். உடையாது. தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பதால் முட்டி போட்டால் விநோதமாக இருக்கும், அந்த உணர்வே பாதிப் பயத்தைக் கொடுக்கும். அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, முதலில் மெத்தை மேல் தலையணை வைத்து அதில் முட்டியை ஊன்றப் பழக்கினேன். அப்புறம் தரையில் மடித்த போர்வை. எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. பேத்தி பக்கத்தில் நின்றுகொண்டாள். முழுதாக மடக்கி அமர அவரால் இன்னும் முடியாது. நெற்றி படுகிறது, அது அவருக்குப் போதுமாக இருக்கிறது.

பாசிக்காரப் பெண்களின் விரல் தனிக்கதை. தீவுப் பக்கம் முங்கி, பாறையிலும் பவளத்திலும் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரலில் துணி சுற்றிக்கொண்டாலும் கீறல் விழும். பெரும்பாலும் ஆறிவிடும். சிலருக்கு விரல் மாதக்கணக்கில் வீங்கியே இருக்கும். கடுமையான வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. கீறிச் சீழ் எடுத்து, கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு அனுப்பி, 'ஒன்றும் வளரவில்லை' என்று வரும். மறுபடி வீங்கும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்கிற கிருமி இப்படி நடந்துகொள்ளும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், தண்ணீரிலும் மீனிலும் இருப்பது. குளிர்ச்சியில்தான் நன்றாக வளரும், அதனால்தான் உடம்பின் உள்ளே போகாமல் கை விரலில் தங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் வளராமல் போகலாம். 30 டிகிரியை ஒட்டி வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடல் வேலை என்று சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கும் யோசனை வரும். விரல் தசைநாரைச் சுற்றிய உறையைச் சுரண்டி எடுத்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை உண்டு.

அப்படி அறுவை முடிந்து என்னிடம் வந்த அக்காவுக்கு ஆள்காட்டி விரல் முழுதாக நிமிரவில்லை. நான் அதையே துரத்திக்கொண்டிருந்தேன், விரலை நிமிர்த்திவைக்கிற ஸ்ப்ளின்ட் மேல் ஸ்ப்ளின்ட். ஒருநாள் அவரே, "மடங்குதுல்ல, போதும் பாப்பா. பிய்க்கிறதுக்கு மடங்குனா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் குறிப்பேட்டில் அது குறைபாடு. அவர் கணக்கில் வேலை முடிந்தது.

ஆபரேஷன் எங்கே நடந்தாலும் பின்தொடர்ச்சி இங்கேதான் நடந்தாக வேண்டும். நாலு மணி நேரம் பஸ்ஸில் முட்டியை நீட்டிக்கொண்டு மதுரை போய், அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்ப எத்தனை பேர் போவார்கள்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். வீட்டைப் பார்த்தால்தான் கட்டில் உயரமும், வாசல்படியும், குடத்தோடு நடக்க வேண்டிய மணலும் தெரியும்.

மறுபடி தோளுக்கு வருகிறேன். இந்தக் கணக்கை நானும் சக பிசியோ ஒருவரும் சேர்ந்துதான் போட்டுப் பார்த்தோம். தோள் தைப்பதை ஏப்ரலில் செய்யாமல் டிசம்பர் நடுவில் செய்தால் ஆறு மாதம் ஜூன் நடுவில் முடிகிறது. வாடைக்காற்றில் எச்சரிக்கை விட்டுப் பல நாள் போட்டுகள் போகாது. கடைசி இரண்டு மாதம் எப்படியும் தடைக்காலம். உண்மையில் இழப்பது ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரைக்குமான வருமானம் மட்டும்தான். ஒரு பாம்பன்காரர் இதைக் கேட்டு அப்படியே செய்தார். சொந்தப் போட்டு, ஓட்ட மச்சான் இருந்தார்.

ஓனரிடம் முன்பணம் வாங்கியிருப்பவருக்கு இது நடக்காது. கடன் கழியாமல் டிசம்பரில் கரையில் உட்கார விட மாட்டார்கள். அவர்கள் ஏப்ரலில்தான் வருவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிட்டால், பயிற்சியும் ஊசியுமாக ஒரு சீசனைத் தள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்டுவரச் சொல்கிறேன். வயதால் தேய்ந்து கிழிந்த சின்னக் கிழிசல் பலருக்குப் பயிற்சியிலேயே அடங்கிவிடும். கீழே விழுந்தோ வின்ச் இழுத்தோ திடீரென்று கிழிந்ததை அப்படித் தள்ள முடியாது. அவர்களுக்கு மட்டும் ஓனரின் நம்பரை வாங்கி நானே பேசிப் பார்க்கிறேன். சமையலுக்கும் மீன் பிரிக்கவும் போட்டில் ஒரு ஆள் எப்படியும் வேண்டும். ஆறு மாதத்துக்கு அந்த வேலையைக் கொடுங்கள், கயிறு பக்கம் விடாதீர்கள் என்று கேட்பேன். சிலர் சரி என்கிறார்கள், பங்கில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு.