ஹேஸ்பரோவில் மாசிக் குளிர்

பிப்ரவரி 6

இங்கிலாந்தின் இந்தக் கிழக்குக் கடலோரக் கிராமத்தில் இரவு முழுவதும் வடகிழக்குக் காற்று. பெரியவர் தூங்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 7

விடிந்ததும் வேலியோரம் போய்ப் பார்த்தேன். மூலைக் கம்பத்தின் அடியில் மண்ணே இல்லை. இரண்டு முள்கம்பிகள் பிடித்திருப்பதால் அது அந்தரத்தில் ஆடுகிறது. கடலை மட்டும் திட்டிப் பயனில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, களிமண்ணில் தங்கி, மேட்டையே முன்னால் தள்ளுகிறது. கீழே 1950களின் இறுதியில் அடித்த மரத்தடுப்பில் சில முளைகள்தான் மிச்சம்.

“வேலி நிற்கிறதா?” என்று கேட்டார். நிற்கிறது என்றேன்.

பிப்ரவரி 8

கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 10

மருந்து வாங்கப் போன வழியில் புனித மேரி ஆலயத்தில் நின்றேன். 1801 மார்ச்சில் ‘இன்வின்சிபிள்’ போர்க்கப்பல் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் போனவர்களில் 119 பேர் இங்கே ஒரே குழியில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு நினைவுக்கல் வைத்தது 1998இல். கடலிலிருந்து தூக்கி வந்து புதைத்தவர்களைக் கடல் திரும்பக் கேட்டு வந்தால்? இந்த நினைப்பு ஏன் வந்ததோ, இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 11

இன்று அவர் முகத்தில் தெளிச்சி. கலங்கரை விளக்கக் கதை மீண்டும். 1790இல் கட்டியவை இரண்டு. கடல் நெருங்கியதால், உயரம் குறைந்த விளக்கை 1883இல் இடித்தார்கள். எஞ்சியதை 1980களில் அணைக்கப் பார்த்தபோது ஊரார் விடவில்லை; 1990இல் நாடாளுமன்றத்தில் சட்டமே கொண்டுவந்து தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அரை நிமிடத்துக்கு மூன்று மின்னல். ஒன்று தாமதமானாலும் கண்டுபிடித்துவிடுவார். “ஊர் நினைத்தால் நடக்கும்” என்கிறார். விளக்கு சரி. மண்ணுக்கு எந்தச் சட்டம்?

வேலியைப் பற்றி இன்றும் கேட்டார்.

பிப்ரவரி 13

அவர் கால்வீக்கம் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. தைலம் தேய்க்கும்போது 2013 மே மாதத் தடங்களைப் பற்றிப் பேசினார். அலை மணலை வாரிக்கொண்டு போனதும் சேற்றுப்படிவில் ஐம்பது காலடிக் குழிகள், சிறுவர் தடங்களும் கலந்து. எட்டு லட்சம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அப்போது இங்கே தேம்ஸின் பழைய கழிமுகம். ஆய்வாளர்கள் மழையில் நின்று படமெடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் போயிற்று. நடந்துபோகும் தூரத்தில் இருந்தும் பார்க்காமல் விட்ட ஆதங்கம் அவருக்கு ஆறவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு என்ன வயதிருக்கும் என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். எனக்கென்ன தெரியும்!

பிப்ரவரி 14

கம்பம் போய்விட்டது. கேட்டால் என்ன சொல்வது?

பிப்ரவரி 15

கடிதம் வந்திருக்கிறது, உறை கனம். அவர் எழுந்ததும் பிரிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாரோ, பாலும் தீர்ந்துவிட்டது.