அன்னாசித் தோல் நாட்கள்

ஜூன் 3
காலை ஆறு மணிக்கே சிட்டி மார்க்கெட். இரவெல்லாம் மழை, எங்கும் சேறு. அன்னாசி வெட்டி விற்கும் அக்கா ஒரு சாக்கு தோல் எடுத்து வைத்திருந்தார்.

"மாட்டுக்காப்பா?"

"இல்லக்கா, இதுல சிட்ரிக் அமிலம் எடுக்கப் பார்க்கிறோம்."

"எலுமிச்சம்பழத்துல இருக்குமே, அந்தப் புளிப்பா?"

அதேதான். ஆனால் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை சர்க்கரையைத் தின்று தருவது. நாங்கள் நம்பியிருப்பது யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டை. இரும்பும் மாங்கனீசும் கொஞ்சம் கூடினாலே அந்தப் பூஞ்சை முரண்டு பிடிக்கும், இது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. கழிவோடு வேலை செய்ய அந்தப் பொறுமை வேண்டும்.

ஜூன் 4
அரைத்து, பிழிந்து, வடிகட்டி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் பாத்திரம்) வைத்து, ஆறியதும் ஈஸ்ட் விட்டோம். 28 டிகிரி.

ஜூன் 8
சாற்றிலிருந்த சர்க்கரைகளில் குளுக்கோஸ் காலி, ஃபிரக்டோஸ் காலி. சுக்ரோஸ் மட்டும் வைத்தது வைத்தபடி! கருவிதான் பழுதோ என்று அரை நாள் அலைந்தேன். அப்புறம்தான் உறைத்தது: சுக்ரோஸை இரண்டாக உடைக்கும் இன்வர்டேஸ் நொதி ரொட்டி ஈஸ்ட்டிடம் உண்டு, யாரோவியாவிடம் இல்லை. பந்தியில் சோறு இருந்தும் பிசைந்து வாயில் வைக்க ஆளில்லை.

ஜூன் 9
புதுச் சாறு. இந்த முறை முதலில் இன்வர்டேஸ் கலந்து, 50 டிகிரியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, அதன் பிறகே ஈஸ்ட்.

விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் சாம்பாரையும் சேர்க்கலாமே என்றாள் தோழி. வேண்டாம் என்றேன். பருப்பில் புரதம் இருக்கிறது, அதாவது நைட்ரஜன். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் ஈஸ்ட் பெருகிக்கொண்டே போகும். அது தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சும்போதுதான் வளர வழியில்லாமல் அமிலத்தை வெளியே தள்ளும். எல்லாக் குப்பையையும் ஒரே தொட்டியில் கொட்டினால் இது நடக்காது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்வதை இப்போது நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

ஜூன் 15
சுக்ரோஸும் போயிற்று. சிட்ரிக் அமிலம் நன்றாகவே வந்திருக்கிறது. கூடவே ஐசோசிட்ரிக் அமிலமும். அணுக்கள் எல்லாம் அதே எண்ணிக்கை, ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். பிரிப்பது பெரும்பாடு.

ஜூன் 17
ஈஸ்ட்டை வடித்துவிட்டு, தெளிந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினோம். கால்சியம் சிட்ரேட் சூட்டில்தான் நன்றாகப் படியும். வெள்ளையாக அடியில் இறங்குவதை எல்லோரும் நின்று பார்த்தோம். அதில் கந்தக அமிலம் விட்டதும் சிட்ரிக் அமிலம் கரைசலுக்கு வந்துவிட்டது, அடியில் ஜிப்சம் தங்கியது.

அந்த ஜிப்சத்தை எங்கே கொடுப்பது என்று நாளை விசாரிக்க வேண்டும். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.