சத்தமில்லாத சீரியல்

மாடி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாட்டி நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சீரியல் மாமியாரின் வாயசைப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேத்திக்குப் பத்தாவது பரீட்சைப்பா." அதுவும் கிசுகிசுவென்று.

"என்ன பேசுறாங்கன்னு தெரியலையே பாட்டி?"

"புதுசா என்னத்தப் பேசிடப் போறாங்க!"

உள்ளே பேத்தியும் தோழியும் ஒரே நோட்டில் தலை கவிழ்ந்து முக்கோணவியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தோழி பாதியில், "இருடி, எனக்கே புரியல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். டியூஷனில் யாரும் இப்படி நிறுத்தமாட்டார்கள்.

ஐந்து பாடம், 500 மதிப்பெண். பேத்தியின் மதிப்பெண் பட்டியலில் பாட்டி பெயரும் வராது, தோழி பெயரும் வராது.

என் பத்தாவதில் எங்கள் வீட்டில் கிரிக்கெட் முழுச் சத்தத்தில் ஓடும். கணக்கில் 35-ஐத் தாண்டியதே, விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலில் கல் எறிந்து எழுப்பிய ஒருவனால்தான். அவன் 90-க்கு மேல் வாங்கினான். சரி, அது வேறு கதை.

கீழே வந்ததும் எங்கள் வீட்டு டிவி சத்தத்தைக் குறைத்தேன். மேலே கேட்குமோ என்னவோ.