புளி மூட்டைச் சாக்கில் ஒரு பின் போர்டு

போன ஜனவரியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கி நோட் எனக்கு 300 ரூபாய்க்கு மேல் செலவு வைத்தது. கடைகளுக்கு வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 20ஆம் தேதிக்குள் போடவேண்டியது. எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். ஃபேன் காற்றில் பறந்து மேஜைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. 26ஆம் தேதி அறையைப் பெருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், ஆறு நாள். வரிக்கு வருடக் கணக்கில் 18 சதவீத வட்டி வேறு. கடைக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை, நானே கட்டிவிட்டேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. முன்பு ராகி மூட்டை அடுக்கிய அறைதான் இப்போது என் ஆபீஸ். கருங்கல் சுவர். ஆணி அடித்தால் வளைவது ஆணிதான்.

குறிப்புகளைப் பின் குத்தி வைக்க முதலில் தெர்மாகோல் வாங்கி மாட்டினேன். மூன்றே வாரம். ஒரே இடத்தில் நாலு தரம் பின் குத்தினால் ஓட்டை பெரிதாகி, பின் தானாகக் கீழே விழுகிறது. இரவில் செருப்பில்லாமல் உள்ளே வந்த அத்தை காலில் ஒன்று ஏறியதும், அன்றோடு அது குப்பைக்குப் போனது. கார்க் போர்டு வாங்கலாம் என்று பார்த்தேன். கார்க் என்பது போர்ச்சுகல் பக்கம் வளரும் ஒரு ஓக் மரத்தின் பட்டை. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை உரிப்பார்களாம், மரம் சாகாதாம். அதன் கண்ணறைகளில் காற்று அடைந்திருப்பதால் பின்னைப் பிடுங்கியதும் ஓட்டை மூடிக்கொள்கிறது. நான் கேட்ட நாலடிக்கு மூன்றடி அளவின் விலையைப் பார்த்ததும் போனை நான் மூடிக்கொண்டேன்.

பரண்மேல் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதில் நாலுக்கு மூன்றடியாக மூன்று துண்டு வெட்டினேன். அட்டைக்குள் நெளிநெளியாக ஓடுகிறதே, அது முதல் துண்டில் நெடுக்காக, அடுத்ததில் குறுக்காக, மூன்றாவதில் மறுபடி நெடுக்காக வரும்படி வைத்து ஒட்டவேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அந்த வாக்கிலேயே மடங்கிவிடும். மூன்றும் சேர்ந்து முக்கால் அங்குலம் வந்தது. பின் முனை சுவரைத் தொடாது.

மேலே போர்த்த, புளியும் மிளகாயும் வியாபாரம் செய்யும் ஒரு மண்டிக்காரர் (நம்ம கிளையன்ட்தான்) சாக்கு ஒன்று கொடுத்தார். சணல் சாக்கு இதற்கென்றே செய்தது போல. பின்னை எடுத்ததும் விரலால் ஒரு தேய் தேய்த்தால் இழை கூடிக்கொள்ளும், ஓட்டை தெரியாது.

இங்கேதான் சொதப்பினேன். ஃபெவிகாலை மிச்சம் பிடிக்கலாம் என்று மைதா பசை காய்ச்சி, முன்பக்கம் மட்டும் சாக்கை ஒட்டிக் காயவைத்தேன். மறுநாள் பார்த்தால் வெயிலில் போட்ட அப்பளம் போல வளைந்து நிற்கிறது. வாரம் கழித்து ஓரமெல்லாம் கரப்பான் அரித்த அடையாளம். தெருமுனையில் நோட்டு பைண்டிங் செய்யும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"துருசு போட்டியாம்மா?"

"துருசா?"

"மயில்துத்தம்மா. அது இல்லாம மைதாவ வச்சா கரப்பானுக்கு விருந்துதான்."

வளைந்ததற்கும் காரணம் சொன்னார். பசை காயக் காயத் துணி சுருங்கி இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை அந்தப் பக்கமே வளையும். பின்னாலும் அதே மாதிரி ஒரு துணியோ தாளோ ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரியாகிவிடும். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) விஷம் என்பதால் பசைக்கென்று பழைய டப்பா ஒன்றை ஒதுக்கி, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகவில்லை. காயும்வரை மேலே இரண்டு ராகி மூட்டையும் அம்மிக்கல்லும் ஏற்றி வைத்தேன். அப்படியும் இடது மேல்மூலை இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் நிற்கிறது.

மாட்டுவதற்குக் கல்லைத் துளைக்கத் தேவையில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து பூசிய இடத்தில் டிரில் போட்டு, பிளக் வைத்து நாலு ஸ்க்ரூ.

போர்டில் மேலே வரிசையாகத் தேதிகள்: 7 டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர் சேமநிதி, காப்பீடு), 20 3பி, 22 அதே 3பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர்களுக்கு. ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் கடைப்பேர் எழுதிய சின்ன அட்டைகள். பில் வரவில்லை என்றால் சிவப்புப் பின், வந்துவிட்டால் மஞ்சள், ரிட்டர்ன் போட்டாச்சு என்றால் பச்சை. சாமி படம், பொன்மொழி எதற்கும் இடம் கிடையாது என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருக்கிறேன். அத்தையின் சீட்டுக் கார்டு மட்டும் எப்படியோ ஓரத்தில் ஏறிவிட்டது. அதுவும் தேதிதானே, விட்டுவிட்டேன்.

ஒரே குறை, மழை பெய்தால் சாக்கிலிருந்து புளி வாடை எழும்புகிறது. சித்திரை மழை கொட்டிய அன்று அந்த மண்டிக்காரரே வந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "என்னம்மா, இங்கயும் ஒரு மண்டி போட்டுட்டியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே போர்டைப் பார்த்தவர், 11க்குக் கீழே சிவப்புப் பின்னில் தொங்கிய தன் கடைப்பேரைப் படித்தார். பேச்சில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.