பாறைக்குழியில் குனிந்து பார்த்தபோது

கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்குவது வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இன்று கையில் லென்ஸ் இருந்தது.

முதல் குழி மேலே, அலையின் தெறிப்பு மட்டும் எட்டும் இடத்தில். இரண்டு கை அகலம்தான், தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளுகின்றன. டிக்ரியோபஸ் என்கிற கோப்பிபாட், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், 1 மில்லிமீட்டர் சொச்சம் நீளம். சில ஜோடியாக நீந்தின. இளம் பெண்ணைப் பிடித்துக்கொண்ட ஆண், அது முழு வளர்ச்சி அடையும்வரை விடாதாம். பொறுமைசாலி!

வெயிலில் இந்தக் குழி சுண்டி உப்பு ஏறும், மழை பெய்தால் சப்பென்று ஆகிவிடும். இரண்டையும் தாங்கும் இந்தப் பொடியன்கள் கீழ்க்குழிகளில் கண்ணிலேயே படவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அங்கே தின்னுவதற்கு மீன்கள் காத்திருக்கின்றன.

சரி, கீழே யார்? பாசிக் கொத்தை லேசாக உதறினால் ஆம்பிபாட்கள், இவையும் இறால் வகைச் சொந்தம்தான், ஒருக்களித்தபடி ஓடுகின்றன. பக்கத்திலேயே, அதே உயரத்தில், பாசியில்லாத வழவழக் குழி கிட்டத்தட்ட காலி. ஒளிய இடம் வேண்டுமே!

அப்புறம் இன்னொன்று. கலிபோர்னியாக் கரையில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பாறைகளின் டிக்ரியோபஸ்கள்கூட மரபணுவில் வெகுவாக வேறுபடுகின்றனவாம். ஆய்வகத்தில் வெவ்வேறு பாறைக்காரர்களை இணைசேர்த்தால், இரண்டாம் தலைமுறை பல நேரம் வளரத் தடுமாறுகிறது.

இதையெல்லாம் யோசித்துக் குனிந்திருந்ததில் அலை வந்ததைக் கவனிக்கவில்லை. லென்ஸ் தப்பியது, செருப்பு தப்பவில்லை.