அப்பாவின் ரிப்போர்ட்டுகள்

மார்ச் 4
அப்பாவின் கண் மஞ்சள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பெல்லாம் சொறிகிறார். சிறுநீர் பிளேன்டீ நிறம், மலம் வெளிறிப் போயிருக்கிறது. மாமி "செங்கமாரிதான்" என்று கீழ்க்காய்நெல்லி தேட ஆள் அனுப்பிவிட்டா. வெள்ளவத்தை டொக்டர் கேட்டது வேறு: "அப்பாவுக்கு சீனி வருத்தம் எப்ப வந்தது?" போன வருசம்தான். அதுவும் மெலிந்துகொண்டே வரும்போது. துண்டில் அதை எழுதி வட்டம் போட்டார்.

மார்ச் 6
அல்ட்ராசவுண்டில் பித்தக் குழாய் வீங்கித் தெரிகிறது, கீழே ஏதோ கட்டி அடைக்கிறதோ என்று சந்தேகம். சதையி (கணையம்) சரியாகத் தெரியவில்லையாம். முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. முன்னால் உள்ள குடலின் காற்று மறைத்துவிடும்.

மார்ச் 9
அப்பா இரவில் தூங்குவதே இல்லை. "உடனே ஸ்டென்ட் போட்டு மஞ்சளை இறக்குங்கோ" என்று தம்பி நெருக்கினான். ஸ்டென்ட் என்றால் அடைத்த பித்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய். சேர்ஜன் அசையவில்லை. சிடி ஸ்கேன் முதலில். ஸ்டென்ட் போட்டால் சுற்றிலும் வீக்கம் வரலாம், பிறகு கட்டி எது, வீக்கம் எது என்று பிரிப்பது கஷ்டம். சிடியும் சும்மா சிடி இல்லை. சாய மருந்து ஏற்றி, சதையியும் நாடிகளும் (தமனிகள்) ஒளிரும்போது ஒரு தரம், நாளங்களும் (சிரைகள்) ஈரலும் தெளியும்போது இன்னொரு தரம்.

மார்ச் 12
சதையியின் தலையில் 2.8 செ.மீ. கட்டி. சேர்ஜன் அளவைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. திரையை மேலும் கீழும் உருட்டி, பேனா முனையால் ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். கொழுப்பு. குடலுக்குப் போகும் பெரிய நாடியைச் சுற்றி அது முழுசாக இருக்கிறது. பக்கத்து நாளத்தில் பாதிச் சுற்றுக்கு மேல் அந்தக் கோட்டையே காணவில்லை. கட்டி அங்கே ஒட்டிவிட்டது.

மார்ச் 13
ரொறன்ரோவில் இருந்து பெரியம்மா: "எத்தனையாம் ஸ்டேஜ்?" டி2, என்0, எம்0. டி கட்டி, என் நிணநீர்க் கணு, எம் தூரப் பரவல்; 0 என்றால் இல்லை. அதாவது 1பி. "முதலாவதுதானே, முருகா!" என்று அழுதேவிட்டா. எனக்கு அந்த எண்ணில்தான் எரிச்சல். 2 முதல் 4 செ.மீ. வரை டி2, முக்கிய நாடிகளைப் பிடித்தால் டி4. நாளத்தைப் பிடிப்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை, ஆனால் கத்தி வைக்கலாமா என்பதை அதுவும் தீர்மானிக்கிறது. அப்பா இப்போது வெட்டி எடுக்கலாமா முடியாதா என்ற 'எல்லைக்கோடு' வகை. முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு. இதைப் போனில் எப்படிச் சொல்வது? "ஓம் பெரியம்மா" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 17
நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள குழாயை வாய்வழி இறக்கி, சிறுகுடல் சுவரூடாக ஊசியால் சதை எடுத்தார்கள். நேரே ஆபரேஷன் என்றால் இது இல்லாமலும் போகலாம். கீமோவுக்கு உறுதி கட்டாயம். அதே மயக்கத்தில் ஸ்டென்ட்டும் போட்டாயிற்று.

மார்ச் 24
புற்றுநோய்தான். சிஏ 19-9 என்ற இரத்தச் சோதனை நானூறைத் தாண்டி நிற்கிறது. வழமையான மேல் எல்லை 37. தம்பி வெளிறிப்போனான். பித்தம் அடைத்திருந்தாலே அது ஏறுமாம், மஞ்சள் இறங்கியபின் திரும்ப எடுக்க வேண்டும். சிலருடைய உடம்பு அதை உண்டாக்குவதே இல்லையாம். இப்படி ஒரு சோதனையை நம்பி இரவில் கூகுளில் தேடாதே என்று அவனுக்குச் சொன்னேன்.

மார்ச் 28
சிடிக்குப் பிடிபடாத மில்லிமீட்டர் புள்ளிகள் வயிற்றுச் சவ்வில் இருக்கலாம். இருந்தால் நேரே நான்காம் ஸ்டேஜ். வயிற்றில் சிறு துளை போட்டு, லாப்ரோஸ்கோப் என்ற கமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். இல்லை. கீமோவுக்கு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் திகதி கேட்டிருக்கிறோம். அப்பா இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டார்.