டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெல்லுங்கள்

சிகரெட்டை விடுவதற்காக நிகோடின் கம் (சிகரெட்டில் உள்ள நிகோடினைக் கொஞ்சமாகத் தரும் சூயிங் கம்) வாங்கிப் போனவர்கள் அடிக்கடி சொல்கிற புகார் ஒன்று உண்டு. "நாலு நாள் மென்னு பார்த்தேன், ஒண்ணும் கேக்கல. விக்கல்தான் வந்துச்சு." குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதற்கு முக்கியமான காரணம் டீயும் காபியும்தான். குளிருக்கு டம்ளரைக் கையை விட்டு இறக்காத ஊர்கள் இவை. வாயில் கம்மை வைத்துக்கொண்டு டீ குடித்தால் மருந்து வீணாகிவிடும். ஏன் என்று புரிய, கம்முக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் பிசின் என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. கருவேலம் பிசினும் பாதாம் பிசினும் தண்ணீரை இழுக்கும். ஒன்று கரைந்துபோகும், மற்றது ஊதி வழவழப்பாகும். இரண்டையும் மணிக்கணக்கில் மெல்ல முடியாது. மெல்லுவதற்கு எச்சிலில் கரையாத, உடல் சூட்டில் மட்டும் இளகுகிற பிசின் வேண்டும். காய்வெட்டான சப்போட்டாவைக் கடித்தால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் பால் அப்படிப்பட்டதுதான். அதே சப்போட்டா மரத்தை மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் கீறி எடுத்த பால்தான் 'சிக்கிள்'. 1870களில் தாமஸ் ஆடம்ஸ் அமெரிக்காவில் விற்ற கம் அதில்தான் செய்தது. இன்றைக்குப் பெரும்பாலும் பாலிஐசோபியூட்டிலீன், பாலிவினைல் அசிடேட் போன்ற செயற்கைப் பொருள்கள். கூடவே பைன் பிசினிலிருந்து செய்யும் எஸ்டர் கம், மெழுகு, கொஞ்சம் கொழுப்பு, பொடியாகச் சுண்ணாம்புக்கல். இத்தனையும் சேர்ந்ததைத்தான் உறையில் 'கம் பேஸ்' என்று ஒற்றைச் சொல்லில் அச்சிடுகிறார்கள்.

தண்ணீருக்கு மசியாத இந்த பேஸ் கொழுப்புக்கு மசிந்துவிடும். வாயில் கம் இருக்கும்போதே ஊட்டி சாக்லேட் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். கோகோ வெண்ணெய் பட்டதும் கம் நூல் நூலாகப் பிரிந்து சேறு மாதிரி ஆகிவிடும். கம்பளியிலோ தலைமுடியிலோ ஒட்டிய கம்மை எடுக்கவும் இந்தக் குணமே உதவும். முடியென்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு வழியுங்கள். ஸ்வெட்டர் என்றால் எண்ணெய் கறை படியும், அதனால் ஐஸ் வைத்து இறுகவிட்டு உடைத்து எடுப்பது நல்லது. டிசம்பர் மாத ஊட்டியில் காலையில் கம் சாக்பீஸ் போல உடைவதும் குளிரில் பேஸ் இறுகுவதால்தான். கெட்டுப்போனதாக நினைத்து எறிய வேண்டாம்.

இனி நிகோடின் கம். இதில் நிகோடின் ஒரு ரெசினோடு பிணைந்திருக்கும். மெல்ல மெல்லத்தான் விடுபடும். விடுபட்டது கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். நிகோடின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான சோடா போன்ற குணம்) உள்ள பொருள். வாயும் காரத்தன்மையோடு இருந்தால்தான் அது தோலைத் தாண்டும், அதற்காகவே கம்மில் சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். காபி, ஆரஞ்சு ஜூஸ், கோலா, லெமன் டீ எல்லாம் வாயைப் புளிப்பாக்கிவிடும். அப்போது நிகோடின் உள்ளே ஏறாமல் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டலாக வெளிப்படும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். ஆகவே மெல்லுவதற்கு 15 நிமிஷம் முன்பிருந்தும், மெல்லும் நேரம் முழுதும், தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பால் டீயும் வேண்டாம்.

மெல்லும் விதமும் வேறு. சாதாரண கம் போல விடாமல் மென்றால் மருந்து மொத்தமும் சில நிமிஷத்தில் கொட்டிவிடும். மெதுவாக ஒரு பதினைந்து முறை மெல்லுங்கள். மிளகு கடித்தது போல ஒரு சுருக்கு தெரியும். தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். ஒரு நிமிஷத்தில் சுருக்கு அடங்கும். மறுபடி கொஞ்சம் மென்று, இம்முறை அடுத்த பக்கம் ஒதுக்குங்கள். சுருக்கு வராமலே போகும்வரை, சுமார் 30 நிமிஷம், இப்படியே. புகையிலையை ஒரே இடத்தில் அடக்கிப் பழகியவர்கள் கம்மையும் அங்கேயே வைப்பார்கள், அந்த இடம் புண்ணாகும். ஏற்கெனவே வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் கம் வாங்கும் முன் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

காலையில் எழுந்து 30 நிமிஷத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. இரண்டு மில்லிகிராம் சீட்டில்லாமல் கிடைக்கும், நாலுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24ஐத் தாண்டக் கூடாது. பலர் செய்யும் தவறு, ஆசை பொங்கி வரும்போது மட்டும் ஒன்றைப் போடுவது. கன்னம் வழியாக ஏற நேரம் எடுக்கும், அதற்குள் கை பெட்டிக்கடைப் பக்கம் போய்விடும். மணி வைத்துப் போடுங்கள். கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். புகை நின்றால் தியோஃபிலின் உடம்பில் கூடுதலாகத் தங்கும். காபியின் கஃபீனும் அப்படித்தான். விட்ட முதல் வாரத்துப் படபடப்பில் காபிக்கும் பங்குண்டு, அளவைப் பாதியாக்கினால் தெரியும். துணைக்குப் பேச, புகையிலைப் பாக்கெட் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்.

சர்க்கரையில்லாத கம்முக்கு வருவோம். சர்க்கரைக்குப் பதிலான இனிப்புப் பொருள்களை உறையில் எண்களாகப் போட்டிருப்பார்கள்: 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 965 மால்ட்டிட்டால், 967 சைலிட்டால், 951 அஸ்பார்ட்டேம், 955 சுக்ரலோஸ். சாப்பிட்ட பின் 20 நிமிஷம் இதை மென்றால் எச்சில் நன்றாக ஊறி, பல்லை அரிக்கும் அமிலத்தை மட்டுப்படுத்தும். சார்பிட்டால் அளவு மீறினால் வயிறு பொருமும், பேதியாகும். ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்தில் உள்ள ஃபீனைலலனினை உடல் சிதைக்க முடியாத பிறவிக் குறை) உள்ளவர்கள் 951ஐத் தொடக் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் 967 போட்ட டப்பாவை மேலே வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கவிழ்த்துவிடும். துப்பிய கம்மும் ஆபத்துதான். நிகோடின் கம்மை மென்ற பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு 100 கிராம் கணக்கு: கம் பேஸ் 25, நைசாக அரைத்த சர்க்கரை 55, குளுக்கோஸ் சிரப் 18, கிளிசரின் 1, வாசனை எசென்ஸ் 1. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து பேஸை இளக்குங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்தாலும் அந்தச் சூடு போதும். சிரப்பைக் கலந்து இறக்கி, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே எசென்ஸ். முன்னாலேயே ஊற்றினால் மணம் ஆவியாகும். சர்க்கரை குறைந்தால் பல்லில் ஒட்டும், கூடினால் உதிரும். ஜூலை மழையில் செய்தால் மேல்புறம் கசியும், சோளமாவு தூவி பட்டர் பேப்பரில் சுற்றி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

அந்த எசென்ஸ் இடத்தில் கடைத்தெருவில் விற்கும் நீலகிரித் தைலத்தையோ வின்டர்கிரீன் தைலத்தையோ ஊற்ற வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டரை கிராம் கம்மில் மொத்த வாசனையே 25 மி.கி.தான், ஒரு சொட்டுத் தைலமே அதைவிட அதிகம். வின்டர்கிரீன் ஏறக்குறைய முழுக்க மீத்தைல் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் 325 மி.கி. ஆஸ்பிரின் இருபது மாத்திரைக்கு மேல் விழுங்கிய கணக்கு, குழந்தை உயிரே போகலாம். நீலகிரித் தைலம் சில மில்லி போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலைப்பாதையில் காது அடைப்பதற்குச் சாதாரண கம்மே போதும். சுமார் 1,850 மீட்டர் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறை உள்ளே அழுந்தும். ஏறும்போது காதுக்குழாய் தானே திறந்துகொள்ளும், இறங்கும்போது நாம்தான் விழுங்கித் திறக்க வேண்டும். மெல்லும்போது எச்சில் ஊறி அடிக்கடி விழுங்குவதால் காது விடும். வாந்திக்கு டைமென்ஹைட்ரினேட் 20 மி.கி. கலந்த கம் ஐரோப்பாவில் உண்டு, இங்கே மாத்திரைதான் வழக்கம். இரண்டுமே தூக்கம் வரவழைக்கும், வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வளைவில் குலுங்கும் பஸ்ஸில் கம் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தால் குன்னூருக்குக் கீழே வரும் காட்டேரி என்ற ஊர் தாண்டியதும் எழுப்பி, அதற்கும் கீழே உள்ள பர்லியார் வருவதற்குள் இரண்டு மூன்று தடவை தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, காது வலித்து அழுதுகொண்டே எழுவது அதனால்தான்.